நீ பேசினால்தான் பந்து நேராகப் போகும்

பேச்சு ஓயாத என் மச்சான் சலீமுக்கு,

நீ இருக்கிற இடத்தில் உன் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அந்த ஆள் பாவம். கிடைக்கவில்லை என்றால் நீ பாவம். எழுத உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் கேட்கத் தோன்றியது. நலமா என்று விசாரிக்கிற கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம்.

நீ போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் துபாயை விட்டு ஊருக்கு வந்தும் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டி நூரு படிப்பாள், என் பெண்டாட்டி லூர்து படிப்பாள், வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் நடுநடுவே சொல்லித்தான் ஆகவேண்டும். நீயும் தெரிந்த கதையையே திரும்பத் திரும்பச் சொன்னவன்தானே, பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அடி மறந்துபோய்விட்டது மச்சான். கோல்ஃப் மட்டையைப் பின்னால் தூக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தோளுக்கு மேலே போனதும் கை அங்கேயே நின்றுவிடுகிறது. எதையோ எடுக்க உள்ளறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்போமே, அந்த நிற்பு. அப்புறம் திடீரென்று ஞாபகம் வந்தவனைப்போல அவசரமாக இறக்குகிறேன். பந்து தரையோடு உருளுகிறது, இல்லையென்றால் வலது பக்கம் யாருடைய கொல்லைக்கோ போகிறது.

நாம் இரண்டு பேரும் கோல்ஃப் மட்டை பிடித்தவர்கள் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். பெருமுக்கல் மலையடியில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பம் என்னுடையது. நீ கோட்டக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் பெட்டி தூக்கியவன். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டவும் பந்து பொறுக்கவும் போய்ச் சேர்ந்தோம். ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னால், விடியற்காலையில், வேலைக்காரர்கள் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ளலாம் என்று நம் சூப்பர்வைசர் விட்டிருந்தார். ஓரம் என்றால் பம்பு ரூம் பக்கம். மோட்டார் ஓடுகிற சத்தத்துக்குப் பயந்து அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள். நமக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

நீ அடித்தது கொஞ்சம்தான். உன் பந்து எப்போதும் தண்ணீர்க் குட்டையில் போய்க் குளிக்கும். நீ அடி, நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புல் வெட்டுகிற மெஷின்மேல் சாய்ந்துகொள்வாய். அப்புறம் ஆரம்பிப்பாய். மோட்டார் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்க வேண்டும் என்று முதுகுக்குப் பின்னாலேயே நின்று, நிறுத்தாமல், அவசரமும் படாமல், சாவகாசமாக உன் வீட்டுக் கதை, தெருக் கதை. நான் மட்டையைத் தூக்கும்போதும் பேச்சு, இறக்கும்போதும் பேச்சு. பந்து எங்கே போய் விழுந்தது என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறாயா நீ?

அந்த ஆட்டத்தில் ஒருவர் அடிக்க நின்றால் சுற்றி இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். எங்கள் கோயிலில் பூசை நேரத்தில்கூட அவ்வளவு அமைதி கிடையாது. மற்றவர்கள் அந்த அமைதியில் கற்றுக்கொண்டதை நான் மோட்டார் சத்தத்திலும் உன் வாயிலும் கற்றுக்கொண்டேன். தப்பாகக் கற்றுக்கொள்கிறோம் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தோன்றுகிற அளவுக்குப் பந்தும் கோணலாகப் போகவில்லை.

வேலைக்காரர்களுக்கு என்று போட்டி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் பையைத் தூக்கிக்கொண்டு நீதான் கூட வந்தாய். மேற்பார்வை பார்த்தவர் உன்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நீ பேச்சை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாய். உங்கள் தெருவில் இரண்டு கறிக்கடைக்காரர்கள் போட்ட சண்டையை ரகசியம்போல என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் ஜெயித்தேன். அங்கே சொல்லிக்கொடுக்கிற வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டு, உன் டெம்போ பிரமாதம் என்றார். தூக்குவதும் இறக்குவதும் ஒவ்வொரு தடவையும் ஒரே சீராக இருப்பதற்கு அங்கே அப்படிப் பெயர். போனில் லூர்துவிடம் சொன்னேன். எதற்கு இப்போது வண்டி வாங்கினாய் என்று கேட்டாள். பரிசாகக் கொடுத்த மிக்ஸியில்தான் இன்றைக்கும் சட்னி அரைக்கிறாள்.

நீ லீவில் ஊருக்குப் போனாய். நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோது நான் பந்து பொறுக்குகிற வண்டியில் இருந்தேன். அப்படியே நடு மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். ஆட்டக்காரர்கள் அடித்த பந்தெல்லாம் வந்து வண்டிக் கூண்டில் பட்டது. எனக்கு இறங்கவும் தெரியவில்லை, ஓட்டவும் தெரியவில்லை. உன்னை மண்ணில் வைத்தபோது நான் கடல் தாண்டிப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மட்டையைத் தொடவில்லை. அப்புறம் தொட்டபோது கை நின்றது. துக்கம்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. மற்ற வேலை எல்லாம் நடக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, சிரிப்புகூட வருகிறது. இது ஒன்று மட்டும் ஏன் வரவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கே வந்து புல்தரை போடுகிற வேலை எடுத்துச் செய்கிறேன். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கடலோர விடுதி என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகிறேன். பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதிக்குப் புல் போடப் போனபோது, பின்பக்கம் வலை கட்டி கோல்ஃப் பழகுகிற இடம் ஒன்று அமைக்கிறார்கள் என்று தெரிந்தது. தங்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டுமாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? மேனேஜரிடம் துபாய் கதையைச் சொன்னேன். போட்டியில் ஜெயித்ததையும் சொன்னேன். மிக்ஸியைக் கொஞ்சம் கோப்பையாக மாற்றிச் சொன்னேன். நீயாக இருந்தால் தங்கக் கோப்பையே ஆக்கியிருப்பாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி சென்னையிலிருந்து வருகிறார், அவர் முன்னால் அடித்துக் காட்டு, அவருக்குப் பிடித்தால் வேலை உனக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதே வாரத்தில் விழுப்புரத்து ஏஜெண்ட் போன்மேல் போன் போடுகிறார். விசா தயாராக இருக்கிறது, அதே மைதானம், அதே வேலை, ஜல்தியாகப் பதில் சொல் என்கிறார். நான் நேரில் போய், ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்ததில் தலை சுற்றியது. பந்து நேராகப் போனால் ஊரில் இருக்கலாம், கோணலாகப் போனால் கப்பல் ஏறியதற்குச் சமம். வேறு யாருடைய வாழ்க்கையாவது இப்படி ஒரு சின்னப் பந்தில் மாட்டியிருக்கிறதா?

லூர்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இவ்ளோ நாளு போன்லயே குடும்பம் நடத்தியாச்சி. இன்னொரு வாட்டி போறதுனா போ. ஆனா போன் பண்ணாத."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கேப்பை மாவைச் சலித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மல்லாட்டை பிடுங்கிய கடலைக் கொல்லை ஒன்று சும்மா கிடக்கிறது. கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு, துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய பந்துகளை வைத்து அங்கே அடிக்க ஆரம்பித்தேன். போனில் கோல்ஃப் வீடியோ பார்த்தேன். ஒருவர் மனசைக் காலியாக வை என்கிறார். காலியாக வைத்தால் முதல் ஆளாக நீ வந்து உட்கார்ந்துகொள்கிறாய். இன்னொருவர் பந்தில் ஒரு புள்ளியை மட்டும் பார் என்கிறார். பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். தூக்கும்போது இத்தனை, இறக்கும்போது இத்தனை என்று மனசுக்குள் எண்ணச் சொன்னார் வேறொருவர். எண்ணிக்கை ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. டக், டக் என்று தாளம் போடுகிற ஒன்றைப் போனில் ஏற்றிக் காதில் மாட்டிக்கொண்டேன். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. யார் என்று கேட்கிற யோசனையிலேயே கை நின்றது.

ஒருவேளை மோட்டார் சத்தம் இல்லாததுதான் கோளாறோ என்று நினைத்தேன். பக்கத்துக் கழனியில் பம்புசெட் ஓடுகிற நேரம் பார்த்து அதன் பக்கத்தில் போய் நின்று அடித்தேன். பந்து வாய்க்காலில் விழுந்தது. குறைவது சத்தம் அல்ல, பேச்சு என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. லூர்துவைக் கூட்டிவந்து பின்னால் நிறுத்தி, ஏதாவது பேசிக்கொண்டே இரு என்றேன். மகளிர் குழுவில் நடந்த தகராறை ஆரம்பித்தாள். அவள் பேச்சு எப்படி என்று உனக்குத் தெரியுமே, நடுவில் மூச்சே விடமாட்டாள். என் கையும் அதே வேகத்தில் போய்ப் பந்து இடது பக்கம் ஆட்டு மந்தைக்குள் விழுந்தது. "அவரு பேசுனா நேராப் போவுது, நான் பேசுனா கோணலாப் போவுதா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் அதன் காரம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனேன். உன் குரலில் நூருவின் போனில் ஏதாவது இருக்கும், நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு வந்தால் காதில் மாட்டிக்கொண்டு அடிக்கலாம் என்பது என் கணக்கு. ஊருக்கு வந்ததும் துக்கம் கேட்க ஒரு தடவை போனதோடு சரி. மறுபடி போய் நிற்கவே கூச்சமாக இருந்தது. நூரு டீ போட்டுக் கொடுத்தாள். நான் வந்த காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் போனை எடுத்து உன் மெசேஜ்களைக் காட்டினாள். போய்ச் சேர்ந்துவிட்டேன். சரி. சாப்பிட்டாயா. சரி. எல்லாம் எழுத்துதான், உன் குரல் ஒன்றுகூட இல்லை.

"அவரு எங்க அண்ணே பேசுனாரு?" என்றாள். "லீவுல வந்தா வாசல்ல சேரப் போட்டு உக்காந்துக்கினு தெருவயே பாத்துக்கினு இருப்பாரு. நான் என்னா சொன்னாலும் ம்ம்னுவாரு. நாலு வார்த்த சேந்தாப்ல பேசி நான் கேட்டதே இல்ல."

வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன் மச்சான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பம்பு ரூமுக்குப் பின்னால் வாய் ஓயாமல் நின்றவனும், வாசலில் சேர் போட்டு ம்ம் கொட்டியவனும் ஒரே ஆளா? எது நீ? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"உங்களாண்ட அப்பிடி என்னாதான் அண்ணே பேசுனாரு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருசப் பேச்சில் உன் வீட்டைப் பற்றி ஒரு வரி ஞாபகம் இல்லை. சும்மா வீட்டுக் கதைதாம்மா என்றேன். எந்த வீட்டுக் கதை என்றாள். டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் மாறிவிட்டது. சொல்லக்கூடாத பேச்சாக இருந்தால் வேண்டாம், போனவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உன்மேல் அவளுக்கு ஒரு சந்தேகத்தை நானே விதைத்துவிட்டேன்.

கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். கதவோரம் உன் குடை சாத்தியிருந்தது. அதை ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கையில் எது நீளமாகக் கிடைத்தாலும் கோல்ஃப் மட்டை பிடிக்கிற மாதிரி பிடிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, துடைப்பத்தைக்கூட விடமாட்டேன். குடையைப் பிடித்துக் காலை அகட்டி நின்று, தரையில் இல்லாத பந்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் தூக்கினேன். தூக்கும்போதே என் வாயில் உன் பேச்சு வந்தது.

"பின்னாடி ஒரு முருங்க மரம் நிக்கிது மச்சான், நூரு வெச்சது. கம்பளிப்பூச்சியா வருது, வெட்டிடலாம்னா வுட மாட்றா. வெளக்குமாத்த எடுத்துக்கினு போயி மரத்தாண்ட சண்ட போட்றா. என்னாண்ட ஒரு நாளு சண்ட போட்டதில்ல, மரத்தாண்ட போட்றா."

நூரு டம்ளரோடு திரும்பி நின்றாள். நான் நிறுத்தினால் போய்விடும் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவில்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி வந்தது. உப்பு போட்டோமா என்று மறந்து இரண்டு தடவை போட்டுவிட்டு, இரண்டு தடவையும் உன்னைப் பார்த்து உதட்டைக் கடிப்பது. சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுவது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒன்று. என் கைக்கும் வாய்க்கும் நடுவில் நான் எங்கே இருந்தேன் என்றே தெரியவில்லை. குடைக் கம்பி ஒன்று கழன்று தொங்கியது.

"பாத்தரம் கழுவும்போது ம்ம்ம்னு இழுத்து ஒரு பாட்டு பாடுவா மச்சான். நான் உள்ள போனா நின்னுடும், வெக்கம். அதுக்காகவே நான் உள்ள போறதில்ல. வாசல்ல சேரப் போட்டுக்கினு தெருவப் பாக்கற மாரி உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருப்பேன்."

நூரு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்குத்தான் அங்க உக்காந்திருந்தாரா?" என்றாள். நான் குடையைப் பிடித்தபடி நின்றேன். கை கழுவப் பின்பக்கம் போனால் அங்கே முருங்கை மரம் நிற்கிறது. சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

வாசல்வரை வந்து, இன்னும் இருக்கிறதா அண்ணே என்று கேட்டாள். இருக்கிறதும்மா, ஆனால் கையில் எதையாவது பிடித்தால்தான் வருகிறது என்றேன். அப்போ ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் லூர்துவும் எனக்குப் பின்னால், வலைக்கு வெளியே நின்றார்கள். குடும்பத்தோடு ஏன் வந்தாய் என்று மேனேஜருக்குக் கொஞ்சம் பேஜார்தான். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டத்தின் மரியாதை தெரிந்தவர், அதனால் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். தோட்டத்துக் குழாயை நிறுத்தினார்கள். சமையல்கட்டில் ஓடிய பாட்டை நிறுத்தினார்கள். கடல் சத்தத்தை மட்டும்தான் நிறுத்த முடியவில்லை. என்மேல் அவர்களுக்கு இருந்த மரியாதையே என் கழுத்தைப் பிடித்தது.

முதல் பந்து உருண்டது. அடுத்தது வலது பக்கத்துக் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவதுக்கு மட்டையைத் தூக்கிவிட்டு இறக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன். லூர்துவின் முகத்தை நான் பார்க்கவில்லை. விழுப்புரத்து ஏஜெண்டுக்கு என்ன சொல்வது என்று வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுபடி குனிந்து நின்றபோது பின்னாலிருந்து நூரு கேட்டாள். "அண்ணே, அது எந்தப் பாட்டுன்னு சொன்னாரா?"

பேசக்கூடாதும்மா என்று மேனேஜர் பதறினார். ஆனால் கேள்வி என் காதில் விழுந்துவிட்டதே. பந்தைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். "பாட்டே இல்லம்மா. வார்த்தையே கெடையாதாம், வெறும் இழுவதானாம். கொழாய மூடுனா அதுவும் நின்னுடுமாம்." சொல்லி முடித்தபோது மட்டை போய்த் திரும்பி வந்து என் தோளில் கிடந்தது. பந்து கடைசி வலையின் நடுவில் பட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடித்தது எனக்கே தெரியாது.

அவள் அடுத்ததைக் கேட்டாள், நான் அடுத்ததைச் சொன்னேன். முதலாளி கையைக் காட்டி மேனேஜரை நிறுத்தினார். எத்தனை பந்து என்று எண்ணவில்லை. ஒரே சீராக, உன் சாவகாசத்தில், எல்லாம் ஒரே இடத்துக்குப் போயின. உன் பேச்சு என் வாய் வழியாக உன் பெண்டாட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் இந்தப் பந்தும் போய்க்கொண்டிருந்தது. எது எதை இழுத்துக்கொண்டு போனது?

கடைசியில் முதலாளி, அடி நன்றாக இருக்கிறது, ஆனால் வருகிறவர்களுக்கு இதையா சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். நான் விழுப்புரத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். லூர்து அன்றைக்கு மகளிர் குழுத் தகராறின் மிச்சத்தை முழுசாகச் சொன்னாள். நான் கேட்டேன்.

இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் நிற்கிற இடத்துக்கு நேர் மேலேயே, அமைதி காக்கவும் என்று மேனேஜர் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். பழக வருகிறவர்களிடம், அடிக்கும்போது உங்கள் வீட்டில் இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டே அடியுங்கள் என்கிறேன். ஓர் அம்மா பால்காரர் வராத கதையைச் சொல்லிக்கொண்டே அழகாக அடித்தார். அவர் வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டு அடித்தார். அவர் பந்தும் நேராகத்தான் போனது. எனக்கு மறுபடி குழப்பம். மனசை ஒருமுகப்படுத்துவது என்கிறார்களே, அது மனசைக் காலி பண்ணுவதா, இல்லை, பிடித்த இடத்தில் போய் உட்காரவிட்டுவிட்டுக் கையை அதன் வேலையைப் பார்க்கவிடுவதா? நான் துபாயில் பந்தைப் பார்த்தேனா, பார்த்தே இராத உன் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தேனா?

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். நீ எனக்காகப் பேசினாயா? இவன் பதறுகிறான், கை நிதானப்படட்டும் என்று பேசினாயா? இல்லை, வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல உனக்கு ஒரு முதுகு கிடைத்தது, அவ்வளவுதானா? நான் திரும்பிப் பார்க்காமல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது உனக்குச் சௌகரியமாக இருந்ததா? முதலாவது என்றால் எனக்குச் சந்தோஷம். இரண்டாவது என்றால் இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோட்டக்குப்பம் போனேன். நூரு குடையைப் பழுது பார்த்துக் கதவோரமே வைத்திருக்கிறாள், நான் வந்தால் எடுத்துக்கொள்ள. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே அந்த இழுவையும் கேட்டது. நீ சொன்னது சரிதான் மச்சான், அதில் வார்த்தையே இல்லை. நான் கூப்பிடவில்லை. உன் சேரை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். குழாய் நின்றது. அப்புறம்தான் தங்கச்சி என்று குரல் கொடுத்தேன்.

நீ சொன்னது எல்லாம் ஒருநாள் தீர்ந்துபோகும். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். தீருகிறவரை வெள்ளிக்கிழமை தவறாமல் போய் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுவேன். மிக்ஸியைக் கோப்பையாக்கிய இந்த வாய், உன் பேச்சில் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்காது. தீர்ந்த பிறகும் போவேன், சொன்னதையே திரும்பச் சொல்வேன். குழாய் ஓடுகிற நேரத்தில் மட்டும் உள்ளே போகமாட்டேன்.

ஊரில் யாரும் யாரையும் மச்சான் என்கிறார்கள். நாமும் அப்படித்தான் பழக்கத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது அப்படி இல்லை.

நூருவுக்கு அண்ணன் ஆகிவிட்டதால், நிஜமாகவே
உன் மச்சான்,
அந்தோணி